பள்ளியில்லா ஆசிரியை: புனித ஆஞ்செலா மெரிச்சியின் வாழ்க்கை வரலாறுகளும் அவர்தம் மூன்று நூல்களும்

முன்னுரை

பெண்கல்வியின் வரலாற்றைக் கூறும் கத்தோலிக்க நூல்களில் புனித ஆஞ்செலா மெரிச்சியின் பெயர் முதல் வரிசையில் இடம்பெறும். இத்தாலியின் கார்தா ஏரிக்கரையிலுள்ள தெசென்சானோவில் ஏறத்தாழ 1474இல் பிறந்த இவர், 1540 சனவரி 27இல் பிரெஷா நகரில் மறைந்தார். அந்நகரில் 1535 நவம்பர் 25ஆம் நாள் 28 கன்னியரைக் கொண்டு இவர் தோற்றுவித்த புனித உர்சுலா சபையின் வழிவந்தோரே உர்சுலைன் கன்னியர். அவர்கள் 1639இல் கியூபெக்கிலும் 1727இல் நியூ ஆர்லியன்சிலும் சென்றிறங்கிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினர். ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் பெண்பள்ளி என்னும் அமைப்பு வேரூன்றியதில் அவர்களுடைய பங்கு பெரிது.

இந்தப் பிற்கால வரலாறு நிறுவுநரின் வாழ்க்கையிலும் ஏறிக்கொண்டது. ஆஞ்செலாவைப் பற்றிய எளிய வாழ்க்கை வரலாறுகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. இளமையில் பெற்றோரை இழந்த ஆஞ்செலா, பின்னர்ச் சொந்த ஊர் திரும்பி, எழுத்தும் மறையும் அறியாது திரியும் சிறுமியரைக் கண்டு மனம் வருந்துகிறார். தம் வீட்டையே பள்ளியாக்கி நாள்தோறும் அவர்களுக்குக் கற்பிக்கிறார். அந்தப் பள்ளியே வளர்ந்து பிரெஷாவில் சபையாகிறது. படிப்போர் நெஞ்சில் எளிதில் பதியும் காட்சி இது. ஆயின் ஆஞ்செலா சொல்லி எழுதுவித்த நூல்களிலோ, அவரை நேரில் அறிந்தோர் அளித்த சாட்சியத்திலோ இதற்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம் இல்லை என்று சுட்டிக்காட்டுவது மட்டும் திறனாய்வாகாது. திரேசா லெதுகோவ்ஸ்கா 1960களின் இறுதியில் வெளியிட்ட பெருநூலிலிருந்து, குவெர்சியோலோ மத்சோனிஸ் 2007இல் வெளியிட்ட நூல் வரை, ஆவணவழி ஆய்வாளர்கள் ஆஞ்செலாவின் சபையையும் பிற்காலப் பள்ளி மடங்களையும் வேறுபடுத்தியே காண்கின்றனர். அவ்வாறிருந்தும் பள்ளிக் காட்சி நீங்காமல் நிற்பது ஏன், அது நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பவையே இங்கு ஆராயத்தக்கவை. அங்கிருந்தது பள்ளியினும் சிறியதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சொல் பற்றிய ஒரு குறிப்பு

ஆஞ்செலா தம் அமைப்புக்கு இட்ட பெயர் 'கொம்பஞ்ஞியா'. இதைச் 'சபை' எனத் தமிழாக்குவதே வழக்கம். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் சபை என்றவுடன் மடம், சீருடை, வார்த்தைப்பாடு, தலைமை இல்லம் ஆகியன நினைவுக்கு வருகின்றன. ஆஞ்செலாவின் அமைப்பில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. உறுப்பினர் தத்தம் வீடுகளிலேயே வாழ்ந்தனர். இத்தாலியச் சொல்லுக்கு நெருங்கி வருவது 'தோழமை' என்பதாகும். ஆதலின் ஆஞ்செலாவின் காலத்து அமைப்பைத் தோழமை என்றும், பிற்கால மடங்களைச் சபை என்றும் இங்குக் குறிக்கலாம். பள்ளிக் காட்சி எளிதில் நுழைந்தமைக்கு இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கியதும் ஒரு காரணம் எனத் தோன்றுகிறது.

மூன்று நூல்கள்

ஆஞ்செலாவின் பெயரால் நிற்பவை மூன்று நூல்கள்: தோழமையின் விதி, உள்ளூர்த் தலைவியருக்கான அறிவுரைகள், அன்னையராகப் பொறுப்பேற்ற மாதருக்கான இறுதி முறி. அறிவுரைகள் ஒன்பது, இறுதி முறியில் உள்ள கொடைகள் பதினொன்று. மூன்றும் ஆஞ்செலா சொல்லச் சொல்லக் கபிரியேலே கொட்சானோ என்னும் செயலர் எழுதியவை. சொன்னவர் ஒரு பெண், எழுதியவர் ஓர் ஆண் என்பதால், எங்கு ஒருவர் குரல் முடிந்து மற்றவர் கை தொடங்குகிறது என்பதை ஒவ்வோர் இடத்திலும் எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும். ஆயினும் மூன்று நூல்களிலும் ஒரே வகையான அக்கறை ஓடுகிறது. பேசும் ஆளுமை ஒன்றே என்று கொள்ள இது இடம் தருகிறது.

விதி கூறும் உறுப்பினர் சிறுமியர் அல்லர். ஏறத்தாழ 12 வயதேனும் நிரம்பிய கன்னியர். அவர்கள் மனமுவந்து சேர வேண்டும். பெற்றோர் அல்லது பொறுப்பாளரின் இசைவும் வேண்டும். மணம் புரிவதில்லை, மடமும் புகுவதில்லை. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் பெண்ணுக்குத் திறந்திருந்தவை கணவன் வீடும் மடமும் எனும் இரு வாயில்களே. இரண்டுக்கும் சீதனம் வேண்டும். மடத்துக்குரியது சற்றுக் குறைவு, அவ்வளவே. 1512இல் பிரெஞ்சுப் படை பிரெஷாவைச் சூறையாடியதன் பின், சீதனம் திரட்ட இயலாத குடும்பங்கள் அந்நகரில் மிகுந்திருந்திருக்கும். இச்சூழலில் சீதனமின்றி, தன் வீட்டிலோ வேலை செய்யும் வீட்டிலோ இருந்தபடி, கன்னியாகவே மதிப்புடன் வாழும் மூன்றாவது நிலையை ஆஞ்செலாவின் விதி உருவாக்கியது.

விதியில் மிகவும் கவனிக்கத்தக்கது ஆட்சிமுறை பற்றிய பகுதி. உறுப்பினருள் நான்கு கன்னியர் ஆசிரியைகளாகவும் வழிகாட்டிகளாகவும், நான்கு கைம்பெண்கள் அன்னையராகவும், நான்கு ஆடவர் முகவர்களாகவும் தந்தையராகவும் அமைய வேண்டும். ஆடவரின் பணி தோழமையை ஆள்வதன்று. அதன் வெளியுலகத் தேவைகளுக்குத் துணைநிற்பதாகும். உறுப்பினர் ஒருத்திக்குரிய சொத்தை உடன்பிறந்தாரோ பிறரோ கொடுக்க மறுத்தாலும், வேலைக்காரியாக இருப்பவளுக்குக் கூலி தராது வீட்டார் இழுத்தடித்தாலும் இம்முகவர்கள் தலையிட்டு உதவ வேண்டும். பெற்றோரை இழந்து இருவர் தனித்து நின்றால் அவர்களுக்கு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தர வேண்டும். இறைவேண்டலுக்கும் நோன்புக்கும் நெறி வகுத்த அதே நூல் கூலிப் பாக்கியையும் வீட்டு வாடகையையும் பேசுகிறது. எளிய வாழ்க்கை வரலாறுகள் இப்பகுதியைத் தொடுவதில்லை. புனிதையின் கதையில் கூலிக்கு இடமில்லை என்று அவற்றின் ஆசிரியர்கள் கருதினர் போலும்.

இனி, பள்ளிக் காட்சிக்குச் சார்பாக எடுத்துக்காட்டத்தக்க சொல் ஒன்று இதே பகுதியில் உள்ளது. நான்கு கன்னியரை விதி 'ஆசிரியைகள்' என்றே குறிக்கிறது. ஆயின் அவர்கள் கற்பிக்கும் இடம் வகுப்பறையன்று. ஏறத்தாழ 15 நாட்களுக்கு ஒருமுறை உறுப்பினரை அவரவர் வீட்டில் சென்று கண்டு, ஆறுதல் கூறி, தொடங்கிய நெறியில் நிலைத்திருக்க ஊக்குவித்து, வீட்டில் சச்சரவோ துன்பமோ உண்டா என அறிந்து, தம்மால் தீர்க்க இயலாததை அன்னையரிடம் கொண்டுசெல்வதே அவர்களுடைய பணி. மாணவி ஆசிரியையிடம் வருவதில்லை. ஆசிரியை மாணவியின் வாசலுக்குப் போகிறாள். கற்பிக்கப்படுவது எழுத்தன்று; தந்தையோ தமையனோ எசமானியோ ஆளும் ஒரு வீட்டுக்குள் தன் முடிவில் நிலைத்துநிற்கும் கலை.

எழுத்தறிவைப் பற்றிய செய்தியும் விதியில் உண்டு. இறைவேண்டல் பற்றிய பகுதியில் படிக்கத் தெரிந்தோர்க்கு ஒரு முறையும் தெரியாதோர்க்கு வேறொரு முறையும் கூறப்படுகின்றன. படிக்கத் தெரிந்தவர் அன்னை மரியாவின் திருப்புகழ்மாலையைச் செபிக்க, தெரியாதவர் இயேசுவின் 33 ஆண்டு வாழ்வை நினைந்து 33 முறை கர்த்தர் கற்பித்த செபத்தையும் மங்கள வார்த்தை செபத்தையும் சொல்கின்றனர். எழுத்தறியாமை சேர்க்கைக்குத் தடையாக இருக்கவில்லை. எழுத்தறிந்தவளும் அறியாதவளும் ஒரே நிலையில் வைக்கப்பட்டனர். பெண்களுக்கு எழுத்தறிவித்தலே நோக்கமாகக் கொண்ட ஓர் அமைப்பின் விதி இவ்வாறு அமைந்திருக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி.

அறிவுரைகளும் இறுதி முறியும் கற்பித்தல் நெறி பற்றிய நூல்களாகவே இன்று படிக்கப்படுகின்றன. அவ்வாறு படிப்பது தவறன்று. பொறுப்பிலுள்ள பெண் தன் மகளிர் அனைவரையும் ஒவ்வொருவராக நெஞ்சில் செதுக்கிக்கொள்ள வேண்டும்; பெயரை மட்டுமன்று, அவரவர் நிலையையும் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும் என்கிறது இறுதி முறி. கடுமையினும் கனிவே மிகுதியும் பயன்தரும் என்றும், எவரையும் வற்புறுத்தலாகாது, இறைவனே மனிதருக்குத் தன்விருப்பம் தந்து ஒருவரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்றும் அறிவுறுத்துகிறது. இக்கருத்துகள் உர்சுலைன் பள்ளிகளின் சுவர்களில் எழுதப்பட்டு, ஆசிரியர் மாணவியரை நடத்தும் முறைக்கு இலக்கணமாகக் கொள்ளப்படுகின்றன. மூல நூலில் இவை வளர்ந்த பெண்கள் வளர்ந்த பெண்களை வழிநடத்தும் முறை பற்றியவை. 'மகளிர்' எனும் உறவுச்சொல்லைச் சிறுமியர் எனப் பொருள் கொண்டதிலிருந்தே பாதிப் பள்ளிக்கூடம் எழுந்துவிட்டது எனலாம்.

நால்வர் சாட்சியம்

ஆஞ்செலா மறைந்து 28 ஆண்டுகள் கழிந்த பின், 1568இல், ஜியோவன் பத்திஸ்தா நசாரி என்னும் நோட்டரி அவரை நன்கறிந்த நால்வரிடம் சாட்சியம் பெற்றுப் பதிவு செய்தார். அந்தோனியோ ரொமானோ, அகொஸ்தினோ கல்லோ, பெர்த்தொலினோ பொஸ்கொலி, ஜியாகொமோ கிட்சோலா ஆகியோர் அந்நால்வர். ரொமானோ ஒரு வணிகர். ஆஞ்செலா பல்லாண்டுகள் அவர் வீட்டில் தங்கியிருந்தார். 1524இல் இருவரும் திருநாட்டுக்குப் பயணம் போயினர். கல்லோ வேளாண்மை பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்றவர்.

நால்வரும் ஆடவர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தோழமையின் முதல் உறுப்பினருள் எவரும் இப்பதிவில் பேசவில்லை. ஆகவே ஆஞ்செலா பெண்களிடையே என்ன பேசினார் என்பது இச்சாட்சியத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டது. அக்குறையோடும் இந்நால்வர் காட்டும் படம் தெளிவானது. முறையாகக் கல்லாத இப்பெண் இலத்தீன் நூல்களைப் புரிந்துகொண்டதைக் கண்டு வியக்கின்றனர். மறையறிஞரும் அவரிடம் விளக்கம் கேட்டு வந்ததைச் சொல்கின்றனர். பகைகொண்ட குடும்பங்கள் அவர் சொல்லால் இணைந்ததைக் கூறுகின்றனர். துயருற்றோர் தேடிச்சென்ற ஆலோசகராக, நகரின் பெரியோரும் மதித்த அறிவுடையவராக அவர் தோன்றுகிறார். அவர் 1516இல் பிரெஷாவுக்கு வந்ததே, பிள்ளைகளை இழந்து நின்ற கத்தரினா பத்தெங்கோலா என்னும் பெண்மணிக்கு ஆறுதலாக இருப்பதற்குத்தான். இப்படத்தில் ஆசிரியை இருக்கிறார். அவரிடம் கேட்டுக் கற்றோர் வளர்ந்த ஆடவரும் பெண்டிரும்.

ஒரு கோணத்தில், பிற்கால வரலாறுகள் செய்தது ஆஞ்செலாவின் மாணவர் கூட்டத்தை மாற்றியதேயாகும். மறையறிஞருக்கு விளக்கம் சொன்ன பெண்ணைக் காட்டிலும் சிறுமியருக்குப் பாடம் சொன்ன பெண் எவரையும் உறுத்துவதில்லை. பொன்னிறக் கூந்தலின் அழகை மறைக்கச் சிறுமி ஆஞ்செலா புகைக்கரி கலந்த நீரில் தலை கழுவினார் என்னும் நிகழ்ச்சிக்கு வரலாறுகள் ஒதுக்கும் இடத்தையும், இலத்தீன் நூல்களை அவர் விளக்கியதற்கு ஒதுக்கும் இடத்தையும் ஒப்பிட்டால் இது விளங்கும்.

அடியார் வரலாறுகள் காலந்தோறும் வளர்வது தமிழ் ஆய்வாளர்க்குப் புதிதன்று. திருத்தொண்டத்தொகையில் ஓரடியில் நின்றவர் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாடலாகிப் பெரியபுராணத்தில் முழுக்கதையாவதை அவர்கள் அறிவர். வளர்ச்சியைப் பிழை எனக் கடிவதினும், எந்தக் காலத்தின் தேவை எந்தப் பகுதியை வளர்த்தது என வினவுவதே பயன்தரும். ஆஞ்செலாவின் வரலாற்றில் பள்ளி வளர்ந்த வழியும் அவ்வாறு காணத்தக்கதே.

பள்ளி வந்த வழி

1544இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஆணைமடல் வாயிலாகத் தோழமைக்கு ஒப்புதல் அளித்தார். இதற்குள் உள்ளேயே பிணக்கும் தலைதூக்கியிருந்தது. வீட்டில் வாழும் கன்னியர் தம் நிலையை ஊரார்க்குக் காட்டும் அடையாளமாக இடைக்கச்சை அணிய வேண்டுமா என்பதில் உறுப்பினர் பிளவுபட்டனர். சிறு செய்தி போலத் தோன்றினும் இதில் அடங்கிய வினா பெரிது. மனைவியுமல்லாத, மடத்துக் கன்னியுமல்லாத பெண்ணை ஊர் எப்பெயரிட்டு அழைக்கும்?

1563இல் நிறைவுற்ற திரெந்து பொதுச்சங்கம் மடத்துக் கன்னியரின் அடைப்பை வற்புறுத்தியது. 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அதனை மேலும் இறுக்கினார். வீதியில் நடமாடும், வீட்டில் வாழும் கன்னியருக்கு இனித் தெளிவான பணி ஒன்று வேண்டியிருந்தது. மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ அதை வழங்கினார். ஞாயிறுதோறும் நடந்த மறைக்கல்வி வகுப்புகளில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்க உர்சுலா தோழமையினரை அவர் பயன்படுத்தினார். 1582இல் திருத்தப்பட்ட விதி ஆயரின் அதிகாரத்தை வலுப்படுத்தியது. ஆஞ்செலாவின் மூல விதியில் உறுப்பினர் தம் அன்னையைத் தாமே தேர்ந்தனர். 1537இல் ஆஞ்செலாவே அவ்வாறுதான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அமைப்பு மங்கியதும் கற்பித்தல் பணி முன்வந்ததும் ஒரே காலத்தன என்பது தற்செயலன்று.

பிரான்சில் இப்போக்கு நிறைவெய்தியது. 1612இல் திருத்தந்தை ஐந்தாம் பவுலின் ஆணைமடலால் பாரிஸ் உர்சுலைன் கன்னியர் அடைப்புள்ள துறவற மடமாயினர். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்றோடு, பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்தல் என்னும் நான்காவது வார்த்தைப்பாட்டையும் அவர்கள் எடுத்தனர். வெளியே செல்லும் உரிமையை இழந்தவர்கள், வெளியிலிருந்து சிறுமியர் உள்ளே வரும் உரிமையைக் காத்துக்கொள்ளக் கண்ட வழி இது என்று கூறலாம். மதிலுக்குள் அடைக்கப்பட்டும் கற்பித்தலைக் கைவிடாமைக்கு இந்த நான்காவது வார்த்தைப்பாடே சட்ட அரணாயிற்று.

இதனை வீழ்ச்சிக் கதையாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. பள்ளி மடங்கள் தோன்றாதிருந்தால், தலைமுறை தலைமுறையாகச் சிறுமியர் பலர் எழுத்தையே கண்டிருக்கமாட்டார்கள். ஏறத்தாழ ஈராண்டு இல்வாழ்க்கைக்குப் பின் இளமையிலேயே கைம்பெண்ணானார் மரீ குயார். மகனை விட்டு மடம் புகுந்து, பின் கடல் கடந்து கியூபெக் சென்று, பழங்குடி மொழிகளைக் கற்று அவற்றில் மறைக்கல்வி நூல்களும் அகராதிகளும் ஆக்கினார். அடைப்புக்குட்பட்ட கன்னியாகவே அவர் இவற்றைச் செய்தார். 2014இல் புனிதர் பட்டமும் பெற்றார். மதில் எல்லாவற்றையும் அடைத்துவிடவில்லை. ஆயினும் அவருடைய பெருமையைப் பின்னோக்கி ஏற்றி ஆஞ்செலாவை விளக்கத் தேவையில்லை. இருவர் செய்ததும் வெவ்வேறு.

பள்ளி வரலாறு மறைத்தது, பெண்களின் கற்றலைச் சிறுமிப் பருவத்தோடு முடிந்துபோவதாகக் காணாத ஒரு பார்வையை. ஆஞ்செலாவின் தோழமையில் வேலைக்காரியும் செல்வர் மகளும் வாழ்நாள் முழுவதும் ஒருவர்பால் ஒருவர் கற்றனர். கற்றதன் பயனாக அவர்கள் வேறொரு வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. பள்ளியில் சிறுமி கற்று முடித்து வெளியேறுகிறாள். பெரும்பாலும் மனைவியாகவோ மடத்துக் கன்னியாகவோ ஆகிறாள். எந்த இரு வாயில்களுக்கு இடையே ஆஞ்செலா மூன்றாவது ஒன்றைத் திறந்தாரோ, அவ்விரண்டுக்கும் பெண்களை ஆயத்தப்படுத்தும் இடமாகவே அவர் பெயரால் அமைந்த பள்ளி நெடுங்காலம் இயங்கியது. இம்முரணை வாழ்க்கை வரலாறுகள் எழுப்பியிருக்க வேண்டும். பள்ளிக் காட்சியைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டதால் எழுப்ப இடமில்லாமற் போயிற்று.

படிமங்கள்

எழுத்தில் நிகழ்ந்ததே படிமங்களிலும் நிகழ்ந்தது. ஓவியர் மோரெத்தோ வரைந்தது எனக் கருதப்படும் ஆஞ்செலாவின் படம் இறப்பின்பின் தீட்டப்பட்டது. ஒட்டிய கன்னமும் மூடிய விழியும் கொண்ட முதியவள் மட்டுமே அதில் இருக்கிறார், அருகில் எவருமில்லை. ஆஞ்செலாவுக்கு 1768இல் அருளாளர் பட்டமும் 1807இல் திருத்தந்தை ஏழாம் பயசால் புனிதர் பட்டமும் அளிக்கப்பட்டன. அதன்பின் 1866இல் பியேத்ரோ கல்லி செதுக்கி உரோமைப் புனித பேதுரு பேராலயத்தில் வைக்கப்பட்ட சிலையில், புனிதையின் அருகே ஒரு சிறுமி நிற்கிறாள். இன்று எளிய நூல்களின் அட்டைகளில் காணும் ஆஞ்செலா பெரும்பாலும் இச்சிறுமியோடு கூடியவரே.

இறுதி முறியின் கடைசிக் கொடையில் ஆஞ்செலா ஓர் உரிமையை விட்டுச் சென்றார்: காலமும் தேவையும் வேண்டினால், நல்லோர் அறிவுரை கேட்டு, முன்னெச்சரிக்கையுடன் எதையும் மாற்றலாம். மிலானிலும் பாரிசிலும் நிகழ்ந்தவற்றுக்கு இக்கொடை இடம் தருகிறது என்று வாதிடலாம். மறுபுறத்திலும் இக்கொடை வழங்கும். பிரெஷாவில் வீட்டிலிருந்து வாழ்ந்த தோழமை நெப்போலியன் ஆட்சியில் 1810இல் ஒடுக்கப்பட்டது. மதலேனா, எலிசபெத்தா எனும் ஜிரெல்லி உடன்பிறப்பினர் அதே நகரில் அதனை மீண்டும் எழுப்பினர். உறுப்பினர் முன்போலவே தத்தம் வீடுகளில் வாழ்ந்தனர். உரோமையில் சிறுமியோடு கூடிய சிலை நிறுவப்பட்ட அதே 1866ஆம் ஆண்டில்தான் இதுவும் நிகழ்ந்தது. வாழ்க்கை வரலாறுகள் முதலாவதைப் படத்தோடு அச்சிடுகின்றன. இரண்டாவதைப் பெரும்பாலும் கூறாமலே முடிகின்றன.